ஜிப்பெக்கின் ராஜினாமா

ராஜினாமாக் கடிதத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு ஜிப்பெக் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள், அதற்குக் கீழே வரிசையாக இதயப் படங்கள் விழுந்திருந்தன. "சரி, போய் வா" என்று ஒருவர்கூட எழுதவில்லை.

"என்ன, விட்டுட்டாங்களா?" என்று கேட்டான் கணவன் மக்சத்.

"இதயம் போட்டிருக்காங்க."

"இதயத்த வச்சு நான் என்ன பண்ண? இந்தக் கோடைக்காவது லேப்டாப் இல்லாம இசிக்குல் ஏரிக்கு வரேன்னு சொன்னியா இல்லியா?"

சொல்லியிருந்தாள். கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அவன் ஏரியில் நீந்துவான்; அவள் கரையில் உட்கார்ந்து முகம் தெரியாத யாரோ எழுதிய பக்கத்தைத் திருத்துவாள். 'கெர்பென்' என்ற மேகக்கணினி மென்பொருளைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாக எழுதி இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதை நிறுவுவது எப்படி, ஓட்டுவது எப்படி என்று விளக்கும் பக்கங்களுக்கெல்லாம் கிர்கிஸ்தான் தலைநகரம் பிஷ்கெக்கில் இருக்கும் ஜிப்பெக்தான் தலைவி. சம்பளம் கிடையாது, ஏச்சு தாராளமாக உண்டு. அவளுக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். மக்சத்தை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

குழுவில் ஒரு வழக்கம். ஒரு வாரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். அதை நம்பித்தான் கடிதம் போட்டாள். வாரம் முடிகிற நேரத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜொல்தோஷ் போன் செய்தார்.

"தங்கச்சி, உன் ராஜினாமாவ ஏத்துக்க விதியில இடமில்லம்மா."

"ஏன்ணே?"

"அது... இல்லம்மா, அவ்வளவுதான்" என்று இருமிவிட்டு வைத்துவிட்டார்.

வேறு ஆளைத் தயார் செய்தால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. 'தலைமைப் பொறுப்பை ஏற்பது எப்படி' என்று ஒரு வழிகாட்டி எழுதினாள். பாழாய்ப்போன கை, அதையும் பிரமாதமாக எழுதித் தொலைத்தது. பிரேசிலிலிருந்தும் கென்யாவிலிருந்தும் புதுத் தொண்டர்கள் குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் சந்தேகம். அத்தனை சந்தேகமும் ஜிப்பெக்கிடம்தான் வந்தது.

"வேலையக் குறைக்கப் போயி ஊரையே கூட்டிட்டு வந்துட்டியே!"

"சும்மா இரு மக்சத். கெட்ட பேர் வாங்கினா அவங்களே துரத்திருவாங்க, பாரு."

அடுத்து வந்த பக்கத்தைப் படிக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு வெளியிட்டாள். எழுதியவர் ஓஷ் நகரத்துப் பல் டாக்டர். "இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். திரையை முறைப்பதால் வேகம் கூடாது. பிழை வந்தால் அழ வேண்டாம், தப்பு எங்கள் மேல்தான்" என்று எழுதியிருந்தார். உலகம் கொண்டாடித் தீர்த்தது. கணினிக்காரர்கள் முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறார்கள், இப்படி ஒரு துணிச்சலான தலைவி உண்டா என்று பாராட்டு மழை. ஜிப்பெக்குக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் பிஷ்கெக்கில் இருக்கிற குழுவினரை ஒரு சாய்க்கடைக்கு அழைத்தாள். நேருக்கு நேர் யாரும் இதயப் படம் போட முடியாதே! வெளியே மக்சத் காரில் மெத்தை, கூடாரம், பழக்கூடை எல்லாம் ஏற்றி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான்.

லக்மான் நூடுல்ஸ் வந்தது, கறி அடைத்த சம்சா வந்தது, வாழ்த்துரைகளும் வந்தன. ஒருவர் எழுந்தால் சீக்கிரம் உட்காருவதில்லை. ஜொல்தோஷ் தேநீர்க் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, "ஜிப்பெக் இல்லன்னா கெர்பென் இல்ல. ஆயுசு முழுக்க நீ எங்க கூடவே இருக்கணும்மா" என்றார். மேஜையே கைதட்டியது.

வெளியே ஹார்ன் அலறியது. ஜிப்பெக் உடைந்துபோனாள்.

"எனக்கு ஏரி வேணும்ணே! என் புருஷன் நீந்துறத ஒரு தடவையாவது நிமிர்ந்து பாக்கணும். உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன், இந்தப் பதவிய யாராவது வாங்கிக்கோங்க!"

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ஜொல்தோஷ் பக்கத்திலிருந்த எல்தியாரை முழங்கையால் இடித்தார். எல்தியார் காற்புள்ளி திருத்துகிறவன். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. காது வரை சிவந்து எழுந்து நின்றான்.

"அக்கா, போன வருஷம் நீங்க நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிருந்தப்பவே தேர்தல் முடிஞ்சு என்னத் தலைவராக்கிட்டாங்க... திரும்பி வந்து நீங்க அவ்வளவு ஆசையா வேலை பாத்தீங்க, உங்ககிட்ட அத எப்படிக்கா சொல்றது?"