புலாகிதாஸ் பிடித்த மழை

மனைவி கவ்ரா தன் தங்கையின் பிரசவத்துக்காக ஜோத்பூர் போய் நாலு நாள்கூட ஆகவில்லை, பிக்கானேர் வானம் கறுத்துவிட்டது. புலாகிதாஸ் போனில் அவள் சொல்வதைக் கேட்டபடியே மொட்டைமாடிக்கு ஓடினார்.

"மொத மழை புறா எச்சத்தையெல்லாம் கழுவித் தெருவுக்குப் போகட்டும். அதுவரைக்கும் நம்ம தொட்டியோட குழாய்வாய் மூடியே இருக்கணும். ரெண்டாவது மழைக்குத் திறந்துவிடுங்க."

"இதென்ன பெரிய வித்தை?"

"தொட்டி நிறையலைன்னா வருஷம் பூரா உப்புத் தண்ணியிலதான் உங்களுக்கு டீ. நானும் இங்கேயே இருந்துடுவேன்."

பதினேழு வருஷமாக அவள்தான் இதைச் செய்தாள். இவர் கீழே உட்கார்ந்து பக்கோடா கேட்டதோடு சரி.

பக்கத்து வீட்டு லிச்மாவோடு பாகம் பிரித்தபோது வீட்டைத்தான் பிரித்தார்கள்; மாடி ஒன்றுதான். ஊர்ப் புறாவெல்லாம் அங்கேதான் குடித்தனம். முழுசையும் பெருக்கி முடித்து நிமிர்ந்தால், மூலையில் குழாய்வாய் ஆவென்று திறந்து கிடக்கிறது.

'மூடாமலே போய்விட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாள்' என்று முனகினார். அதற்குள் சடசடவென்று தூறல். கையில் துணி இல்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் திணித்தார்.

பாதிப் படியில் மூச்சு வாங்க நின்ற லிச்மா வாயைப் பிளந்தாள். "இந்த முழங்காலை வச்சிக்கிட்டு என்னால ஏறவே முடியலை. நீங்க தலைப்பாகையவே கழட்டிட்டீங்களே அண்ணா."

"தண்ணின்னா சும்மாவா?" என்றார் புலாகிதாஸ்.

முதல் மழை எச்சத்தைக் கழுவிக்கொண்டு போனது. இரண்டாவது மழை பிடித்ததும் தலைப்பாகையை இழுத்தார். ஊறிப் பெருத்துப்போய் அசையவில்லை. கம்பால் குத்தினார், கம்பும் சிக்கிக்கொண்டது. நல்ல தண்ணீரெல்லாம் தெருவுக்கு ஓடுவது பொறுக்காமல் வேட்டியை உருவித் தெருப்பக்கத் துவாரத்தை அடைத்தார். மாடி குளமாகிவிட்டது. இப்போது குழாய்வாயே கண்ணுக்குத் தெரியவில்லை.

லிச்மா நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாத்து அண்ணா, வழுக்கும்."

டிராயரோடு குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். மூக்கில் தண்ணீர் ஏறியது. இதையா கவ்ரா பதினேழு வருஷமாக முக்காடு விலகாமல் செய்தாள்? அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்கிறோம் என்று மலைத்துப்போனார்.

களக்கென்று தலைப்பாகை வந்தது. கம்பும் வந்தது. குளம் மொத்தமும் இரைச்சலோடு குழாயில் இறங்கியது. கீழே தொட்டி நிறையும் சத்தம் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை விட்டு வெயில் அடித்தது. வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு கீழே வந்து போன் செய்தார்.

"கிளம்பி வா. தொட்டி நிறைஞ்சாச்சு. நீ சாமானியப்பட்டவ இல்லடி கவ்ரா."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே உங்களுக்கு?"

அவர் போனை வைக்கவும், சுடச்சுட அல்வாத் தட்டோடு லிச்மா வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"சாப்பிடுங்க அண்ணா. மாடியில அந்தக் கோடியில கல்லுக்கு அடியில மூடியிருக்கிற உங்க குழாய்வாயைத் தொடக்கூடச் செய்யாம, மழை மொத்தத்தையும் என் தொட்டிக்கு விட்டீங்களே, இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"