காத்திருப்போர் ஒழிப்பு

மனநல ஆலோசகிக்கு இரண்டே அறை. முன்னறையில் ஆட்கள் காத்திருப்பார்கள். உள்ளறையில் அவர் காது கொடுத்துக் கேட்பார். வந்தவர்கள் அழுது, மூக்கைச் சிந்தி, கொஞ்சம் இலேசாகி வீட்டுக்குப் போவார்கள். இந்த அவலத்தைக் காணப் பொறுக்காமல், மேலாண்மை படித்த அவருடைய தம்பி ஒருநாள் வந்து சேர்ந்தான்.

“அக்கா, நீ வளரவே இல்ல.”

“கூட்டம் தாங்கலடா. இன்னொரு ஆலோசகர் கிடைச்சா போதும்.”

“அவரத் தேர்ந்தெடுக்க முதல்ல ஒரு ஆள் வேணாமா?”

வேண்டும்தான் என்று அவருக்கும் பட்டது. பணியாளர் அதிகாரி வந்தார். அவருக்கொரு உதவியாளர் வந்தார். இருவருக்கும் முட்டிக்கொண்டதால் ஒருங்கிணைப்பாளர் வந்தார். இன்னொரு ஆலோசகர் மட்டும் வரவில்லை. உள்ளறை கூட்ட அரங்காகப் பதவி உயர்வு பெற்றது. ஆலோசகி அதன் தலைமை நாற்காலியில் சிறைவைக்கப்பட்டார்.

முன்னறையில் ஒரு தையல்காரம்மா. மகன் இறந்ததிலிருந்து தூக்கமில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். ஆலோசகி ஒருமுறை அவரை நோக்கி நடந்தார், தம்பி மறித்தான்.

“நிறுவனர் நேரடியாப் பாக்குறது முறையில்லக்கா.”

“அவங்க அழுறாங்கடா.”

“அழுகைக்குத் தனிப் பிரிவு வருது.”

பிரிவு வந்தது, ஆள்தான் இல்லை. இவ்வளவு பொறுமையாக உட்காரும் ஒருவரை வெளியே விடலாமா என்று நிர்வாகம் ஆழ்ந்து யோசித்தது. தையல்காரம்மாவே பிரிவின் தலைவியாக நியமிக்கப்பட்டார்.

“ஐயா, நான் யார்கிட்டயாவது பேசணும்னு வந்தேன்.”

“இனிமே உங்ககிட்டதாம்மா எல்லாரும் பேசணும்” என்று பணியாளர் அதிகாரி அவர் கழுத்தில் பதவி அட்டையை மாட்டிவிட்டார்.

வழி பிறந்துவிட்டது. காத்திருந்த ஒவ்வொருவரும் ஏதாவதொரு பதவிக்கு உள்ளே இழுக்கப்பட்டார்கள். முன்னறை காலியானது. காத்திருப்போர் அறவே ஒழிக்கப்பட்டதாக ஆலோசனை நிலையம் பெருமிதத்துடன் அறிவித்தது.

அன்றுதான் ஆலோசகி கூட்டத்திலிருந்து நழுவி, தையல்காரம்மாவின் மேசையருகே போய் உட்கார்ந்தார்.

“அம்மா, உங்க பையனப் பத்திச் சொல்லுங்க. நான் கேக்குறேன்.”

ஏதோ சொல்ல வந்த அந்த அம்மா, அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப முடியாதும்மா. வெளியில பாருங்க, வேலைக்கு ஆள் எடுக்கணும்.”

ஆலோசகி எட்டிப் பார்த்தார். இந்த வாசலைத் தாண்டினால் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயந்து இதுவரை எதிர்ப்பக்கமாகவே நடந்துபோன தெரு முழுக்க வரிசையில் நின்றது. யாருக்கு மூளை அதிகம் கலங்கியிருக்கிறது என்று அடிதடி நடந்துகொண்டிருந்தது.