சாயங்காலத்தில் ஒரு பூபாளம்

கொலைக் கதை எழுதுகிறவரைப் பார்த்து யாரும், "எங்கே, ஒரு கொலை செய்து காட்டுங்கள்" என்று கேட்பதில்லை. திருடனைப் பற்றி எழுதினால், அதிகம் போனால் அலமாரியைப் பூட்டிக்கொள்வார்கள். ஆனால் பாடுகிற பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதிப் பாருங்கள். அதையும் 'நான்' என்று ஆரம்பித்து எழுதிப் பாருங்கள். நான் எழுதினேன். அதன் பலனாக உறையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முகம் சூடாகிவிடும்.

அது ஐம்பதுகளின் கடைசி. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்குப் பெரிய கடை வீதியில் ஜவுளிக் கடை. அம்மாவுக்கு என் கல்யாணக் கவலை. எனக்கு ஒரு கவலையும் கிடையாது. வாடகை நூல்நிலையத்திலிருந்து கதைப் புத்தகங்களாகக் கொண்டுவந்து படித்துத் தள்ளினேன். அந்தக் கதைகளில் கலைஞர்கள் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். சிற்பி உளியை எடுத்தால் கல் மூச்சு விடும். நாட்டியக்காரி சலங்கை கட்டினால் ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிக் காட்டுக்குப் போய்விடுவான். ஓவியர்கள் அத்தனை பேருக்கும் இருமல். (வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து படம் வரைந்த ஓவியர் ஒருவரைக்கூட நான் படித்ததில்லை.) கலை என்றால் யாரையாவது புரட்டிப் போட்டே ஆக வேண்டும் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

அப்படியே ஒரு கதை எழுதினேன். அதில் வரும் 'நான்' தாயில்லாப் பெண். அவள் அப்பா பாட்டு என்றாலே எரிந்து விழுகிற கல்நெஞ்சர். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பூபாளம் பாடுகிறாள். தெருவில் போன பாரவண்டி மாடுகள் நடை மறந்து நின்றுவிடுகின்றன. கல்நெஞ்சர் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். அந்தப் பாட்டை மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். எனக்கும் சங்கீதத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அடுத்த வீட்டு ரேடியோ. பூபாளம் என்ற பேர் காதுக்கு அழகாக இருந்தது, எடுத்துப் போட்டேன். அது விடியற்காலையில் பாடுகிற ராகம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

கதை ஒரு வாரப் பத்திரிகையில் 'உறையூர் கோமதி' என்ற பெயரோடு வந்தது. நான் தரையில் நடக்கவில்லை. அம்மா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே என்னைப் பார்க்க வருவதாக இருந்த இரண்டு குடும்பங்கள், "கதை எழுதுற பொண்ணா?" என்று விசாரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டன. இப்போது ஊரறிய அச்சிலும் வந்தாயிற்று.

ஒரு நாள் கடையிலிருந்து அப்பா ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி வந்தார்.

"ஏம்மா கோமதி, நீ எப்ப பாட்டு கத்துக்கிட்ட?"

"நானா? எப்பவும் இல்லியே!"

அப்பாவின் முகம் இறங்கிவிட்டது. நடந்தது இதுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வேட்டி எடுக்கக் கடைக்கு வந்திருக்கிறார். பேச்சுவாக்கில், "உறையூர் கோமதின்னு ஒரு பொண்ணு கதை எழுதியிருக்கே, உங்க ஊர்தானே, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பெருமை தாங்காமல், "என் பொண்ணுதாங்க" என்று சொல்லியிருக்கிறார். "பாடுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"அவளே எழுதியிருக்காளேன்னு சொன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. பையன் காலேஜ்ல கணக்கு வாத்தியார்." அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அது சரி, கதையில வர்ற அந்தக் கல்நெஞ்சக்காரன் நான் இல்லியே?"

அம்மா என்னைப் பார்த்தாள். "கதைன்னதும் ஓடிப்போனவங்களைத்தான் பார்த்திருக்கேன். படிச்சுட்டு வர்றவங்க இவங்கதான். ஒரே ஒரு பாட்டு. கத்துக்கோ" என்றாள்.

மறுநாளே கொல்லைப்புறத்தில் சாதகம் ஆரம்பமாயிற்று. என் தங்கை லலிதா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் நடுவர். பின்வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். நான் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு மெய் சிலிர்த்தது. கதையில் மாடு நின்ற மாதிரியே இங்கே தறி நின்றுவிட்டதே! பின்வீட்டுக்காரர் மதில் மேலே தலையை நீட்டினார்.

"அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா பாப்பா?" என்று கவலையோடு கேட்டார்.

லலிதா சிரித்துச் சிரித்துக் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புதுப் பாட்டெல்லாம் எனக்கு ஆகாது என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். முதலிலிருந்து கடைசிவரை வரி மறக்காமல் எனக்குத் தெரிந்த பாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டு. சாமி பாட்டுத்தானே, யார் குறை சொல்லப் போகிறார்கள் என்று அதையே வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. வந்தவர்கள் மூன்று பேர். பையனின் அப்பா, நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு, நல்ல உயரம். பையன் பேர் சுந்தரம். எதையோ பார்த்துச் சிரிக்கத் தயாராக இருக்கிற முகம். பையனின் அம்மா சின்னதாக, சிவப்பாக, கையில் ஒரு சிலேட்டோடு வந்தார். சிலேட்டு எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஏதோ கேட்க, அவர் சிரித்தபடி சிலேட்டை நீட்டினார்.

"அவளுக்குக் காது கேட்காதுங்க," என்றார் பையனின் அப்பா. "ஜுரத்துல போயிடுச்சு. அதுக்கு முன்னாடி அவ கேட்காத கச்சேரி கிடையாது. இப்ப எழுதிக் காட்டினா பேசுவா."

தன் குரல் தனக்கே கேட்காததால் அந்த அம்மாள் ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்டது. நான் கேசரித் தட்டோடு வந்ததும் கணவரின் பக்கம் சாய்ந்து, "பொண்ணு லட்சணமா இருக்கு! கேசரிதான் கட்டி தட்டிப் போச்சு!" என்று ரகசியமாகச் சொன்னார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

பையனின் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ எழுதினதுல ஒரு சந்தேகம். பூபாளம் விடியக்காலைல பாடறது. உன் கதையில அதைச் சாயங்காலம் பாடுது அந்தப் பொண்ணு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா சாயங்காலம் பூபாளம் ஒருத்தரும் பாடிக் கேட்டதில்ல. அப்படிப் பாடற பொண்ணை நேர்ல பார்த்துடணும்னுதான் வந்தேன்."

பூமி பிளக்கக் காத்திருந்தேன். பிளக்கவில்லை.

"கோமதி பாடட்டும்!" என்றார் அந்த அம்மாள், கூடமே அதிரும்படி. "நான் வாயைப் பார்த்துக்கறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனைப் பாட்டை ஆரம்பித்தேன். முதல் வரி காதில் விழுந்ததுமே லலிதா, பழக்க தோஷத்தில், விறைப்பாக எழுந்து கைகூப்பி நின்றுவிட்டாள். அவள் நிற்பதைப் பார்த்து, ஏதோ நிற்க வேண்டிய பாட்டு போலிருக்கிறது என்று அப்பா எழுந்தார். சம்பந்தி எழுந்த பிறகு தான் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று பையனின் அப்பாவும் எழுந்தார். சுந்தரம் எழுந்தார். கடைசியில் அந்த அம்மாளும் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் கூடமே எனக்காக நிற்கிறது! எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டாவது அடியில் குரல் மேலே போக வேண்டிய இடம் வந்தது. போனேன். என் குரல் மட்டும் என்னோடு வரவில்லை. தனியாக வேறெங்கேயோ போயிற்று.

வாசலில் குதிரை கனைத்தது. தொடர்ந்து ஜட்கா சக்கரம் உருளும் சத்தம். "ஏய்! நில்லு! நில்லு!" என்று வண்டிக்காரர் கத்தினார். அவர் வண்டியை விட்டு இறங்கி எதிர்க் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பையனின் அப்பா ஓடினார். சுந்தரம் ஓடினார். அப்பாவும் ஓடினார். எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் நான் பாடிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாள் மட்டும் அசையாமல் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சிலேட்டின் மேல் தாளம் போட்டது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. லலிதா உரத்த குரலில், "குட்மார்னிங் டீச்சர்!" என்று முடித்து வைத்தாள்.

அப்போதுதான் ஆண்கள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்கள். சுந்தரம் வாசற்படியில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சாயங்காலம் பூபாளம், சாயங்காலம் குட்மார்னிங். இந்த வீட்ல கடிகாரமே கிடையாதுங்களா?" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இந்தப் பொண்ணுதான்," என்றார். உறையூர் முழுக்கக் கேட்டிருக்கும்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போனேன். விளக்கு வைத்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பார். "பாடும்மா" என்பார். பிரார்த்தனைப் பாட்டுதான். நான் தொண்டையைச் செருமியதுமே என் வீட்டுக்காரர் கொள்ளிடக் கரைக்குக் காற்று வாங்கக் கிளம்பிவிடுவார். மாமாவுக்கு அந்த நேரத்தில் கோயிலில் ஏதாவது வேலை வந்துவிடும். அக்கம்பக்கத்துக்காரர்கள் நல்லவர்கள்; ஜன்னலைச் சாத்திக்கொண்டதோடு சரி.

இரண்டு மூன்று வருடங்கள் இப்படியே போயின. ஒருநாள் தாங்க முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'என் பாட்டு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா அத்தை?'

அத்தை சிரித்தார். "தெரியாம என்ன? அன்னைக்கு உங்க வீட்டுல அத்தனை பேர் மூஞ்சியையும் பார்த்தேனே. உங்கப்பா மூஞ்சி ஒண்ணு போதாதா?"

'அப்புறம் ஏன் பாடச் சொல்றீங்க?'

அத்தை சிலேட்டைத் துடைத்தார். பிறகு, அபூர்வமாக மெதுவான குரலில் பேசினார்.

"காது போனப்புறம் பாட்டைப் பத்தி எங்க எழுதியிருந்தாலும் தேடித் தேடிப் படிப்பேன். ராஜா அழுதான், கல்லு கரைஞ்சுதுன்னு எழுதியிருக்கும். எனக்கு ஒண்ணும் கேட்காது. உன் கதையிலயும் மாடு நின்னுச்சு. அதுலயும் ஒண்ணும் கேட்கல. ஆனா நடுவுல ஒரு இடம். அந்தப் பொண்ணு ஒரு அடியைப் பாடி முடிச்சுட்டு அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கறா. அந்த இடத்துல எனக்கும் மூச்சு நின்னு போச்சு. அதுக்கப்புறம் கேட்டுச்சும்மா. அடுத்த அடி முழுசா எனக்குக் கேட்டுச்சு. நீ பாடறப்ப மூச்சு இழுப்பே பாரு, எனக்கு அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

உறையூரில் அடுத்த வீட்டு ரேடியோவில் பாட்டுக்கு நடுவே பாடகி மூச்சு வாங்குவது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அதை எழுதியிருந்தேன். அந்தக் கதை முழுவதிலும் நான் என் காதால் கேட்டு எழுதியது அந்த ஒரு வரிதான். மாடும் கல்நெஞ்சரும் அந்தி வேளையும் நான் புத்தகங்களிலிருந்து கடன் வாங்கியவை. அன்றைக்கு அத்தை கேட்காமலே நான் பாடினேன். (ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது.)

பிறகு என் பெண் பிறந்து, எழுத்துக் கூட்டி எழுதக் கற்றுக்கொண்டதும் முதல் வேலையாக அந்தச் சிலேட்டைத்தான் பிடுங்கிக்கொண்டாள். 'அம்மா பாட்டு நல்லா இருக்கா அப்பாயி?' என்று கோணல்மாணலாக எழுதிக் காட்டினாள். வீடே கூடி நின்று பதிலுக்குக் காத்திருந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்:

"நான் கேட்ட வரைக்கும் ஒரு குறையும் இல்ல."

அத்தை போய் வெகுகாலமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. உப்பு மறந்த ரசத்துக்கும், பேரன் வாங்கி வந்த மார்க்குக்கும், லலிதாவின் மாப்பிள்ளை எடுத்த போட்டோவுக்கும் அதே பாராட்டுதான். போன வாரம் புதிதாக ஒரு கதை எழுதி என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடவே இல்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் படிச்ச வரைக்கும் ஒரு குறையும் இல்ல" என்றார்.