இன்ஸ்பெக்டர் படம் பிடித்த வீடு

இந்த வீட்டை எவன் வாடகைக்கு எடுக்கிறான், பார்த்துவிடுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் சபதம் செய்தார். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்கிற வழக்கம் அவருக்குக் கல்யாணத்தோடு போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, கயிறு தாங்குமா, கதவு மூடுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். வெளியே எத்தனை மாடி ஏறினாலும் வீட்டில் அவர் தரைத்தளம்தான்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டவள். எதிரே உட்கார்ந்தவர் எந்த வரியில் தடுமாறுவார் என்பது அவர் வாயைத் திறக்குமுன்பே அவளுக்குத் தெரியும். புருஷனைப் படிக்கவோ அவளுக்குப் பெரிய எழுத்துகூடத் தேவையில்லை.

"என்னங்க, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அம்மா வீட்டு மாடிக்குப் போயிடலாம். கடைக்கும் பக்கம். அம்மாவும் கீழே தனியாத்தானே இருக்காங்க?"

"தாராளமா" என்றார் இன்ஸ்பெக்டர். சபதம் செய்தது அந்த நொடியில்தான்.

மாமியார் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளை என்று ஒருவர் இருப்பது அவர் கண்ணில் படாது, அவ்வளவுதான். போனமுறை இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே, "ஆளில்லாத ரூமுல எதுக்கு ஃபேன்?" என்று அணைத்துவிட்டுப் போனார்.

"புரோக்கர் வீடியோ கேக்கறார். இப்பல்லாம் அதைப் பார்த்துட்டுத்தான் நேர்ல வர்றாங்களாம்."

இன்ஸ்பெக்டருக்குப் பொறி தட்டியது. "நானே எடுக்கறேன்."

"நீங்களா? என் தங்கச்சி கல்யாணத்துல எடுத்தீங்களே, மாப்பிள்ளை பொண்ணைவிட உங்க கட்டைவிரல்தான் ஜாஸ்தி வந்துச்சு."

"கத்துக்கிட்டு எடுக்கறேன்."

"அப்படின்னா ஒழுங்கா கத்துக்கங்க. நம்ம கடைக்கு ஒரு கேமராமேன் வர்றாரு. சினிமாவுலயே தலை நரைச்சவரு. நான் சொன்னா சொல்லித்தருவாரு."

மனைவி எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. இன்ஸ்பெக்டர் அதற்குச் சந்தோஷப்பட்டாரே தவிர, சந்தேகப்படவில்லை.

கேமராமேனுக்கு நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் தொங்குவது ஒன்று. முதல் நாளே அறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இன்ஸ்பெக்டரை நிலைக்கண்ணாடிக்கு எதிரே உட்காரவைத்தார். கையில் ஒரே ஒரு விளக்கு.

"பக்கத்துலேருந்து பிடிக்கறேன். பாருங்க, கல்யாண மாப்பிள்ளை. இப்ப உச்சந்தலைக்கு மேல. ஒரு வாரமா தூக்கமில்லாத ஆளு. இப்ப தாடைக்குக் கீழே."

இன்ஸ்பெக்டர் தன்னைப் பார்த்துத் தானே துள்ளி எழுந்தார்.

"அதே மூஞ்சி, அதே விளக்கு. இடம்தான் மாறிச்சு. இதான் தொழிலே."

இன்ஸ்பெக்டர் மெல்ல நூல்விட்டார். "மாஸ்டர், ஒரு வீட்டை அழகா எடுக்கணும்னா என்னென்ன தப்பு பண்ணக் கூடாது?"

"திரைச்சீலைய மூடக் கூடாது. விளக்கைத் தரையில வெக்கக் கூடாது. கேமராவை முழங்கால் உயரத்துல வெச்சா, கூரை தலைமேல இறங்கற மாதிரி இருக்கும். அகலமான லென்ஸைப் போட்டா நடைவழி முடியாம நீண்டுக்கிட்டே போகும்."

"பண்ணவே மாட்டேன் மாஸ்டர். ஒருவேளை தெரியாம பண்ணிட்டா எப்படி இருக்கும்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

மாஸ்டர் காட்டினார். ரசித்து ரசித்துக் காட்டினார். கேமராவை மார்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, மூச்சை அடக்கிப் பூனைபோல நடக்கவும் சொல்லிக்கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை வேலைக்குப் போன கட்டடத்து வராந்தாவில் பயின்றபோது, "சார், வயிறு சரியில்லையா?" என்று வாட்ச்மேன் கேட்டான். ஒளிப்பதிவு என்றால் ஒளியைப் பதிவு செய்வது. நம்மவர் கற்றது, எண்ணத்தை ஒளித்துப் பதிவு செய்வது.

படம் பிடிக்கிற நாள் வந்தது. மனைவி கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நல்லா வெளிச்சமா எடுங்க. மாடிப்படிக்கிட்ட அந்த ஈரச் சுவர் இருக்கே, அதை மட்டும் காட்டிடாதீங்க. அந்தக் கிறீச் கதவையும் திறக்காதீங்க."

"சேச்சே, திறப்பேனா?"

அவள் தெருமுனை திரும்பியதும் திரைச்சீலைகள் மூடின. விளக்கு தரைக்கு இறங்கியது. மாஸ்டர் இரவல் கொடுத்த கேமரா முழங்காலுக்கு வந்தது. கிறீச் கதவு ஐந்து விதமாகக் கிறீச்சிட்டது. ஈரச் சுவரில் கீழிருந்து வெளிச்சம் விழுந்ததும், யாரோ தலையைக் குனிந்து நிற்பதுபோல ஒரு கறை எழுந்து வந்தது. இத்தனை வருஷம் அதன்மேல்தான் குடையை மாட்டியிருந்தார்கள்.

ஒரு விஷயம் இன்ஸ்பெக்டர் எதிர்பாராதது. சதி செய்ய வந்தவர் வேலையில் சொக்கிப்போனார். சமையலறை ஜன்னலில் வெயிலை மேகம் மறைக்கட்டும் என்று காத்து நின்றார். மாடிப்படியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். சாப்பிட மறந்தார். எல்லாம் முடிந்து, மாடியில் எரிகிற விளக்கை அணைக்க வேண்டும் என்றபோது, ஏறுவதற்கு அவருக்கே கொஞ்சம் யோசனையாக இருந்தது.

சாயங்காலம் மனைவி பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"ஐயையோ, இது நம்ம வீடா?"

"நானும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். வீட்டுக்கு முகராசி இல்லை."

"படிக்கிட்ட யாரோ நிக்கறாங்களே?"

"ஈரம்."

அவள் பெருமூச்சு விட்டாள். "என்ன பண்றது? இதையே அனுப்பறேன்."

பெருமூச்சு அவ்வளவு நிஜமாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு மனசு உறுத்தி, தானே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. இன்ஸ்பெக்டர் லிஃப்டுகளில் விசிலடித்துக்கொண்டே ஏறி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் மாஸ்டர். கூடவே தொப்பி போட்ட ஒரு இளைஞன். "நம்ம டைரக்டர்" என்று மாஸ்டர் முடிக்குமுன்பே, அவன் இன்ஸ்பெக்டரைத் தாண்டிப் போய் ஈரச் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"இதான் சார்! வீடியோவுல பார்த்த அதே ஆளு! எத்தனை நாளா பேய் வீடு தேடறோம்! போற வீடெல்லாம் பளபளன்னு இருக்கு. எந்தப் பேய் அங்கே குடிவரும்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். ஓடி ஓடித் திரைச்சீலைகளை விலக்கினார். இருக்கிற எல்லா விளக்கையும் போட்டார்.

"சார், இது ரொம்ப வெளிச்சமான வீடு! காத்து பிச்சுக்கிட்டு வரும்! வீடியோவுல எல்லாமே தப்பா வந்துடுச்சு!"

"தப்பா? ஒரு ஷாட்கூடத் தப்பு இல்லை" என்றார் மாஸ்டர். "விளக்கை அணைங்க. வெளிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"இந்தச் சுவரை நாளைக்கே பூசப்போறேன்!"

டைரக்டர் கும்பிடாத குறையாகக் குறுக்கே வந்து நின்றான். "கையை வெச்சுடாதீங்க சார். வீட்டை அப்படியே ஒரு வருஷத்துக்கு எங்களுக்குக் கொடுங்க. ரெண்டாம் பாகமும் இங்கேதான்."

இன்ஸ்பெக்டர் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இவங்களுக்கு வீடியோ எப்படிக் கிடைச்சுது? புரோக்கருக்குத்தானே அனுப்பினே?"

"புரோக்கருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? அனுப்பறேன்னுதான் சொன்னேன். இதுக்கெல்லாம் முன்னாடி மாஸ்டர் கண்ணாடி மாத்த வந்தப்ப, பேய் வீடு கிடைக்கலைன்னு ஒரே புலம்பல். நம்ம வீடு ஞாபகம் வந்துச்சு."

"அப்ப என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, பயங்கரமா எடுங்கன்னு!"

"சொல்லியிருந்தா அரண்மனை மாதிரி எடுத்திருப்பீங்க. அம்மா வீட்டுக்குப் போலாம்னதும் 'தாராளமா'ன்னீங்களே, அப்பவே உங்க கண்ணுல படிச்சுட்டேன்." அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "ஆனா மாஸ்டருக்கு உங்க மேல உயிரு. இவ்வளவு வேகமா தப்பு கத்துக்கிட்ட ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். வெள்ளிக்கிழமை மாறிடலாம். அம்மா மாடியைக் கழுவி வெச்சுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் விழித்த கண் விழித்தபடி கூடத்துக்கு வந்து நின்றார். டைரக்டர் அவர் முகத்தைப் பார்த்தான். இரண்டு கைவிரல்களாலும் சட்டம் போட்டு, அதன் வழியாகவும் பார்த்தான்.

"மாஸ்டர், பேய் பிடிச்ச புருஷன் வேஷத்துக்கு ஆள் தேடிட்டிருந்தோமே! இவருக்கு மேக்கப்கூட வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். வீடு போனாலும் சினிமாவில் முகம் வரப்போகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி கேட்டாள்:

"வசனம் ஏதாவது உண்டா?"

"ஒரு வரிகூட இல்லைங்க. மனைவி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டே இருக்கணும்."

"அப்படின்னா ஒத்திகையே வேண்டாம்."