மாப்பிள்ளையின் காரும் அரை உருளைக்கிழங்கும்

திருவொற்றியூர்,
புதன்கிழமை.

பாசமும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அறிவு அவர்களுக்கு, மாமனார் ஜெயவேல் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை அம்மு, ஏழு மாதக் கர்ப்பிணியான யசோதரா, நீங்கள் விட்டுப்போன கார், நால்வரும் நலம். புனேயில் உங்கள் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியிலேயே "வேணாம் மாமா" என்று விடுகிறீர்கள். அதனால் கடிதமாக எழுதி, இதை யசோதராவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

மழையில் காரை எடுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு யசோதராவை ஆட்டோவில் கூட்டிப்போங்கள் என்றீர்கள். போன வாரக் கதை காதுக்கு வந்திருக்கும். காசிமேட்டில் மீன் வாங்கி ஐஸோடு பின்சீட்டில் வைத்து வந்தோம், மழை பிடித்துக்கொண்டது, கண்ணாடிகளை ஏற்றினேன், பெட்ரோல் மிச்சமாகட்டுமே என்று ஏசியையும் அணைத்தேன், கொஞ்ச நேரத்தில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை, அத்தை முந்தானையால் துடைத்தாள், அதிலிருந்த தேங்காய் எண்ணெய் கண்ணாடி முழுக்க ஈஷிக்கொண்டது, நான் நடுரோட்டில் நிறுத்திவிட்டேன், பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர் இறங்கிவந்து, "இன்னா நைனா, கண்ணு தெரியாமயா ஓட்டிகினு வந்தே?" என்றார். "கண்ணு நல்லாத்தான் கீது மாமு, ரோடுதான் காணோம்" என்றேன். நியாயமான பதில்தானே?

ஆனால் இப்போது நான் பழைய ஜெயவேல் இல்லை மாப்பிள்ளை. மெக்கானிக் சைமனிடம் பாடம் கேட்டுவிட்டேன். ஏசி போட்டாலே உள்மூட்டம் போய்விடுமாம். கண்ணாடியின் வெளிப்பக்கம் வெட்டின உருளைக்கிழங்கைத் தேய்த்துத் துடைத்தால் மழைத்துளி நிற்காமல் வழிந்துவிடுமாம். காலையிலிருந்து தேய்த்தேன். அத்தை வாசலில் நின்று, "இன்னாய்யா, காருக்குப் பொரியலா? கொயம்புக்கு ஒரு கெயங்கு மிச்சம் வையி" என்றாள். சிரிக்கட்டும். பக்கக் கண்ணாடி இரண்டும் பளபளக்கின்றன, என் நரைமுடியை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தூறலிலேயே விம்கோ நகர் வரை போய்வந்தேன், ஒரு சொட்டு மறைக்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை நானே ஓட்ட நீங்கள் சரி சொல்லவேண்டும். பிறக்கப்போகும் பிள்ளை தாத்தா ஓட்டும் வண்டியில் போகட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

உங்கள் பாதையெல்லாம் தெளிவாக இருக்க வாழ்த்தும்,
ஜெயவேல்

பி.கு.: போட்டோ எடுக்க யசோதராவைத் தேடி வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுப் பட்டம்மாளின் கிடா, கிழங்கு வாசனைக்கு வந்து இடப்பக்கக் கண்ணாடியை நக்கப் போயிருக்கிறது. உள்ளே இன்னொரு கிடா முறைப்பதைப் பார்த்து ஒரே முட்டு, கண்ணாடி தூள். அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன். "என் கிடாவ வம்புக்கு இஸ்தது உன் காருதான்யா" என்று பட்டம்மாள் சண்டைக்கு நிற்கிறாள். மேலே நால்வரும் நலம் என்றதை மூவர் என்று படிக்கவும். வெள்ளிக்கிழமைக்கு ஆட்டோ சொல்லிவிட்டேன். அரைக் கிழங்கு மீதி இருக்கிறது, ஆட்டோவின் முன்கண்ணாடிக்குப் போதும்.