மெஷினுக்குப் பிடித்த சளி

'இன்னிக்கும் அது வந்துடணும்' என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகச் சுகுணா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகுதான் ஜெராக்ஸ் மெஷினின் பொத்தானை அமுக்கினாள்.

மெஷின் உறுமியது, இருமியது, சின்னத் திரையில் எழுதிக் காட்டியது: லேசர் எரர்.

"வந்திருச்சா?"

மேனேஜர் பரமசிவன் வாசலில் நின்றார். அந்தக் காலைக் குளிரிலும் முகம் சிவந்து வேர்த்திருந்தது. கழுத்தில் துண்டு.

"வந்திருச்சுங்க சார்."

"கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ்ல இருந்து விடிஞ்சதும் போன். ஒரு மெஷினை ஓட்டத் தெரியாத கிளார்க் எதுக்குய்யான்னு கேக்கறாங்க. நான் என்னம்மா பதில் சொல்றது?"

சுகுணா மெஷினின் மூடியைத் திறந்தாள்.

தேயிலை விலை சரிந்ததிலிருந்து எஸ்டேட் முதலில் ஜீப்பை விற்றது, பிறகு டைப்ரைட்டரை விற்றது. இப்போது பாதி ஆட்களை நிறுத்தப் போகிறது. அதற்கான நோட்டீஸ் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. மாதம் முடிவதற்குள் ஆளுக்கொரு நகல் கையில் கொடுத்தாக வேண்டும். தவறினால் இந்த சீசன் முடியும்வரை யாரையும் நிறுத்த முடியாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார். பக்கத்து ஊரான பிக்கட்டியில் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தனுப்பினால் நகலுக்கு முன்னால் சேதி ஆட்களிடம் வந்து சேர்ந்துவிடும். அதனால் எல்லாப் பாரமும் இந்த மெஷின் தலையில்.

நிறுத்தப்படுகிறவர்களில் சுகுணாவின் அம்மா தெய்வம்மாவும் ஒருத்தி. மெஷின் ஓடினால் அம்மாவுக்கு வேலை போகும். ஓடாவிட்டால் மகளுக்கு.

கையால் பழுது பார்த்துக்கொண்டே மனசால் பழுதாக்குகிறோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தன் கண்தான் மெஷின்மேல் பட்டுவிட்டதோ? அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே இரண்டு மடங்கு பாடுபட்டாள்.

மெக்கானிக் வினோத்துக்குப் போன் போட்டாள். "உள்ள இருக்கற கண்ணாடியில பனி பூத்திருக்கும் மேடம். சூடு காட்டுங்க" என்றான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மெஷினுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் போனாள். கதகதப்பாக இருக்கிறதே என்று எலி ஒன்று குடும்பத்தோடு வந்து குடியேறி, முதல் காரியமாக ஒயரைக் கடித்தது. லேசர் எரர் போகவில்லை. மூடியே இருந்த தன் கதவு திறந்திருக்கிறது என்று மெஷின் புதிதாகவும் ஒரு புகார் சொன்னது.

ஃபாக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் பொன்ராஜ் கேள்விப்பட்டுச் சிரித்தார். "ஏனுங்க, டன் கணக்குல எலையில இருக்கற ஈரத்தையே எடுக்கறோம். இத்துனூண்டு பொட்டி ஈரத்த எடுக்க மாட்டமா?"

நாலு பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், பச்சை இலையை வாட்டுகிற பரணில், இலைக்கு நடுவில் வைத்துச் சூடான காற்றை விட்டார்கள். மறுநாள் மெஷின் நன்றாக வாடி வந்தது. உள்ளே ஒரு பிடி தேயிலைத் தூசி. பேப்பரை விட்டால் பாதியில் கடித்துக்கொண்டு விட மறுத்தது.

"அரைச்சுப் பாக்கெட் போட வேண்டியதுதான் பாக்கி" என்றார் பரமசிவன். "இது மனுசக் காரியமில்ல. பூசை போட்ரலாம்."

அவரே சூடம் கொளுத்தினார், சாம்பிராணி போட்டார், மெஷினின் நெற்றியிலும், திறந்திருந்த வயிற்றுக்குள்ளும் தாராளமாகத் திருநீறு தூவினார். மறுநாள் காலை லேசர் எரரோடு இன்னும் மூன்று எரர்கள் வரிசையில் நின்றன.

கடைசியில் கோயமுத்தூரே வினோத்தை அனுப்பி வைத்தது. அவன் பகல் முழுக்கக் கழற்றித் துடைத்து, எலியை வழியனுப்பி, ஒயரை மாற்றினான்.

"சார், இந்த ரூமுக்குள்ள யாரோ தண்ணி கொதிக்க வைக்கறாங்க. கண்ணாடி பூரா தைலப் பிசுக்கு."

"நீலகிரியில தைலம் மணக்காத எடத்தக் காட்டு தம்பி, பாக்கலாம்" என்றார் பரமசிவன்.

வினோத் பொத்தானை அமுக்கினான். பளிச்சென்று ஒரு நகல் வந்து விழுந்தது. சுகுணா அதை எடுக்காமல் டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

"மொத்தத்தையும் போட்டுத் தள்ளிரலாமா சார்?" என்றான் வினோத்.

பரமசிவன் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு ஆயிருச்சே. ஓவர்டைம் கூடாதுன்னு உங்க கோயமுத்தூர்தான் ஆர்டர் போட்டிருக்கு. நாளைக்குக் கடைசி நாள், காலையில பாத்துக்கலாம்."

வினோத் மெஷின் ரூம் கதவைப் பூட்டிச் சாவியை உருவினான். சுகுணா டம்ளர்களைக் கழுவப் போட வெளியே வந்தாள். குழாயடியில் ஆபீஸ் பெருக்கும் மாரியாயி ஒரு பித்தளைச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தைல வாசனை மூக்கில் ஏறியது.

"யாருக்கு மாரியாயிக்கா ஆவி?"

"மேனேஜர் தொரைக்குத்தான். தெனம் விடியக்காலம் நான் கூட்ட வரும்போதே வந்து, சளின்னு சுடுதண்ணி கேப்பாரு."

"அவரு மூக்கு உறிஞ்சிக்கூட நான் பாத்ததில்லயே."

மாரியாயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானுந்தான் பாத்ததில்ல. சட்டிய மெசின் வயித்துக்குள்ள வச்சு, போர்வைய மெசின் தலையிலல்ல போத்தி விடறாரு!"

சுகுணா ஆபீசுக்குள் திரும்பி வந்தபோது வினோத் சாவியை நீட்டினான்.

"இத நீங்க கையோட ஊட்டுக்குக் கொண்டுபோயிருங்க மேடம். காலையில நீங்க வர்றவரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது."

"ஆமாமா, கொண்டு போ" என்றார் பரமசிவன் சத்தமாக. கை மட்டும் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தது.

சுகுணா சாவியை வாங்கினாள். கதவருகே இருந்த ஆணியில் மாட்டினாள்.

"எனக்கு மறதி ஜாஸ்திங்க. இது இங்கயே இருக்கட்டும்."