லிஃப்டும் ஆழ்ந்த வருத்தமும்

பழுதான எதையும் சரிசெய்ய உலகில் இரண்டே வழிகள். ஒன்று, ஸ்பேனர். மற்றொன்று, ஆங்கிலக் கடிதம். ஸ்பேனர் பிடித்தால் கை அழுக்காகும். ஆகவே, நாகரிகம் அறிந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகம் இரண்டாவதையே கைக்கொண்டிருந்தது.

கடிதம் எழுதும் பொறுப்பு 'கைண்ட்லி' சாருடையது. எந்த வினைச்சொல்லையும் அவர் தனியாக வெளியே அனுப்பமாட்டார். 'ரிக்ரெட்'டுக்கு 'டீப்லி', 'அப்பாலஜைஸு'க்கு 'சின்சியர்லி' என்று கல்யாணத் தரகர்போல் பொருத்தம் பார்த்து முடித்துவைப்பார். ஜோடி மாறிப்போனால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

லிஃப்ட் நின்றுபோனது. ஏழாம் மாடி வீடுகளில் இறங்க வழியின்றிச் சிக்கிக்கொண்டவர்களில் கைண்ட்லி சாரின் அம்மாவும் ஒருவர். முட்டிவலியில் படி இறங்க முடியாது. வெள்ளிக்கிழமையோ கண் ஆபரேஷன். லிஃப்ட் எப்போது ஓடும் என்று அம்மா கேட்டபோதெல்லாம், கடிதம் தயாராகிறது என்று மகன் தைரியம் சொன்னார்.

குடியிருப்போருக்கு விளக்கக் கடிதம் போகாமல் வேலை தொடங்கக்கூடாது என்பது அலுவலக விதி. விஷயத்தைக் கவனமாக ஆராய்கிறோம், அதாவது 'லுக் இன்டு' செய்கிறோம், என்று எழுத வேண்டும். அந்தக் 'கேர்ஃபுலி'யை எங்கே உட்காரவைப்பது? 'லுக்'குக்கு முன்னால் என்றார் செயலாளர். 'லுக்'குக்கும் 'இன்டு'வுக்கும் நடுவில் என்று மேஜையைத் தட்டினார் பொருளாளர். டீ வந்தது. மறுபடி டீ வந்தது. துணைக்குழு அமைந்தது.

அலுவலக வாசலில் குடியிருப்பின் மெக்கானிக் பெட்டியோடு காத்திருந்தார். அனுமதி கேட்டு அவர் கொடுத்த சீட்டில் 'ரிப்பேர்' என்று மட்டும் இருந்ததால், எப்படிப்பட்ட ரிப்பேர் என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

"ஓடுற மாதிரி ரிப்பேர் சார்," என்றார் மெக்கானிக்.

துணைக்கு ஒரு சொல் இல்லாத வேலையை ஆபீஸ் எப்படி நம்பும் என்று கைண்ட்லி சார் பொறுமையாக விளக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை. உள்ளே துணைக்குழு கூடியிருந்தது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அம்மா, நாலாம் மாடிப் படியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டார். படியேறி வந்த மெக்கானிக் பார்த்தார். யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்தார். 'கேர்ஃபுலி'க்கு இடம் கிடைப்பதற்குள் லிஃப்ட் ஓடிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அலுவலகம் கொதித்தது. அனுமதியின்றி இயந்திரத்தைத் தொட்டவனை வேலையில் வைத்துக்கொள்வதா? பணிநீக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அம்மாவைக் கீழே இறக்கியது யார் என்று கைண்ட்லி சாருக்குத் தெரியும். மனசு உறுத்தியது. மனசு உறுத்தினால் செய்யவேண்டியதை அவரும் செய்தார்: 'டீப்லி ரிக்ரெட்' சேர்க்கலாமா என்று கேட்டார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? நீக்கிட்டோம்னு போடுங்க, போதும்," என்றார் செயலாளர்.

ஒரே வரி. துணைக்குழு இல்லை, டீகூட இல்லை. கையெழுத்தின் மை காய்வதற்குள் மெக்கானிக்கின் பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் கண்ணில் கட்டோடு அம்மா லிஃப்டிலேயே மேலே வந்து சேர்ந்தார்.

"யாருடா இதைச் சரிபண்ணது? அந்தப் புள்ள நல்லா இருக்கணும்."

"எங்க ஆபீஸ்தாம்மா," என்றார் கைண்ட்லி சார். பிறகு, பழக்கதோஷத்தில், துணைக்கு ஒன்றைச் சேர்த்தார்: "உடனடியா."